மாடி வீட்டில் சவரச் சோப்பு மணம்

ஓவன் ரோட்டு மாடி வீட்டிலிருந்து விடியற்காலையில் சவரச் சோப்பு மணம் வருகிறது என்று கீழ்வீட்டுப் பூரணம் முதலில் யாரிடம் சொன்னாள் என்பது தெரியாது. ஆனால் சில வெள்ளிக்கிழமைகளுக்குள் கோவிலில் அந்தப் பேச்சு சுற்றி வந்துவிட்டது. சிங்கப்பூரில் அன்றிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒரு வீட்டுச் செய்தி மறு வீட்டுக்குப் போக அதற்கு மேல் நாள் வேண்டியதில்லை.

அந்த மாடி வீட்டில் ஆண் கிடையாது. மனோரஞ்சிதத்தின் கணவர் விஸ்வலிங்கம் இறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பி வருவாள். வெள்ளைச் சேலை கட்டினாள். நெற்றியில் திருநீறு மட்டும். ஊர் ஒரு கைம்பெண்ணிடம் எதிர்பார்த்த எல்லாம் சரியாக இருந்தன. மணம் ஒன்றுதான் சரியாக இல்லை.

அந்த மணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் விஸ்வலிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குப் படகில் போய், என்னென்ன வேண்டும் என்று கேட்டு வருவது வேலை. போகிற இடத்தில் மாலுமிகளிடம் பேச்சுக் கொடுத்து அவர்கள் ஊர்ச் சவரச் சோப்பை வாங்கி வருவார். மரக்கிண்ணத்தில் பதித்த லாவெண்டர், வெள்ளித்தாள் சுற்றிய சந்தனக் குச்சி, பிரெஞ்சுத் துறைமுகத்துப் பாதாம், மேற்கிந்தியத் தீவுகளின் இலையை ரம்மில் ஊறவைத்துச் செய்ததாகச் சொன்ன ஒன்று. மற்றவர்கள் தபால்தலை சேர்த்த காலத்தில் அவர் இதைச் சேர்த்தார்.

அவரைப் போலவே கிறுக்குப் பிடித்த இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். டன்லப் ஸ்ட்ரீட்டில் தையல்கடை வைத்திருந்த அஸ்மத், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த வடிவேலு, அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் ரவூப். ஞாயிற்றுக்கிழமை காலையில் அஸ்மத் கடையின் பின்கட்டில், வானம் பார்த்த சிறு முற்றத்தில், குழாயடியில் நால்வரும் உட்கார்ந்து முகம் வழிப்பார்கள். ஒரு கன்னத்துக்கு ஒரு சோப்பு, மறு கன்னத்துக்கு வேறொன்று. நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது, கத்தி எப்படி வழுக்குகிறது என்று பார்ப்பார்கள். பிறகு மணம். ஈரத்தில் ஒரு மணம், கழுவிய பின் ஒரு மணம், மத்தியானம் வரை தங்கும் மணம் ஒன்று. இந்த மூன்றாவதில்தான் சண்டை வரும். கோப்பி வாங்கி வந்து வைத்துக்கொண்டு, ஒருவர் கன்னத்தை ஒருவர் மோந்து பார்த்து, சுப்ரீம் கோர்ட்டில் வாதாடுவது போல் வாதாடுவார்கள்.

சண்டை தீராவிட்டால் விஸ்வலிங்கம் வீட்டுக்கு வந்து மனைவி முன்னால் கன்னத்தைக் காட்டி நிற்பார். அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம் மோந்து பார்ப்பாள். இடது கன்னம் செத்துப்போய்விட்டது என்பாள். வலது கன்னத்தில் இன்னும் ஏதோ நிற்கிறது, கராம்பு போல என்பாள். அடுத்த ஞாயிறு விஸ்வலிங்கம் போய், வீட்டில் கராம்பு என்று சொல்லிவிட்டாள் என்பார். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அந்த மூவரும் அவளை நேரில் பார்த்தது தீபாவளிக்கும் பெருநாளுக்கும்தான். ஆனால் அவள் மூக்கை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1958 ஆகஸ்டில், ஒரு கப்பலிலிருந்து திரும்பி வரும் வழியில், படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் விஸ்வலிங்கம். படகுக்காரர் அவருடைய குடையையும், சட்டைப்பையில் இருந்த பிரிக்காத ஒரு சோப்புக் கட்டியையும் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் விஸ்வலிங்கத்தின் அண்ணன் தியாகராசா வந்தார். அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிளார்க். கோவில் காரியங்களில் முன்னால் நிற்பவர். தம்பி மேல் உண்மையிலேயே பாசம் வைத்திருந்தவர். சாவு வீட்டில் அவர் அழுததைப் பார்த்தவர்கள் அதில் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் தம்பியின் சட்டைகளை ஏழைகளுக்குக் கொடுக்க எடுத்து வைத்தார், செருப்பை எடுத்து வைத்தார், சோப்புகள் இருந்த தகரப் பெட்டியையும் எடுத்தார். மனோரஞ்சிதம் சட்டைகளையும் செருப்பையும் கொடுத்தாள். பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தாள். துக்கத்தில் இருக்கிறாள், கொஞ்ச நாள் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

பெட்டியை அவள் திறந்தது பின்னால், பள்ளி விடுமுறையில். ஒரு காலை லாவெண்டர் கிண்ணத்தை எடுத்து, அவருடைய பிரஷை நனைத்து, நுரை குழைத்துத் தன் முன்கையில் பூசினாள். அவர் நினைவுக்காகத்தான் செய்கிறோம் என்று முதலில் நினைத்தாள். ஒரு வாரத்தில் அப்படி இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவளுக்கு அந்த மணங்கள் பிடித்திருந்தன, அவ்வளவுதான். இத்தனை வருடமும் அவர் கன்னத்தின் வழியாக, மத்தியானத்தின் மிச்சமாகத்தான் அவை அவளுக்குக் கிடைத்தன. இப்போது முழுதாகக் கிடைத்தன. பள்ளி திறந்த பிறகும் தினமும் விடிந்ததும் ஒன்றைக் குழைத்துப் பூசி, கழுவி, அதே கையோடு வகுப்புக்குப் போய், இடைவேளையில் யாரும் பார்க்காதபோது மணிக்கட்டை மோந்து பார்த்தாள்.

மரப்பலகைத் தளம். இடுக்குகள் வழியாக மணம் கீழே இறங்கியது.

ஒரு நாள் விடியும் நேரத்தில் தியாகராசா வந்து கதவைத் தட்டினார். தட்டிய விதத்திலேயே அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. கையில் நுரையோடு போய்த் திறந்தாள்.

"ஆர் உள்ள நிக்கிறது?" என்றார் அவர்.

"ஒருத்தரும் இல்லை, பெரியத்தான். வந்து பாருங்கோ."

அவர் பார்த்தார். படுக்கையறை, அடுப்படி, பின்படி, எல்லாம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது அவருடைய முதுகு வலித்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மனோரஞ்சிதம் நடுவீட்டில் நின்று, அவர் ஒவ்வொரு அறையாகப் போய் வருவதைப் பார்த்தாள். முழங்கை வரை நுரை காய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் இந்த மனிதருக்கு எத்தனை தடவை சோறு போட்டிருப்பேன் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

திரும்பி வந்து அவளுடைய கையைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. வெட்கப்பட்டார். ஆனால் வெட்கம் அவரிடம் கோபமாகத்தான் வெளியே வந்தது. தாலி அறுத்த பொம்பிளை சந்தனம் பூசக் கூடாது, பூ வைக்கக் கூடாது, ஆண்பிள்ளை முகம் வழிக்கிற சவுக்காரத்தைக் கையில் பூசிக்கொண்டு நிற்கலாமோ என்று கேட்டார். வீட்டில் ஒருத்தன் இருந்திருந்தால்கூட அது ஊருக்கு விளங்கும், இது விளங்காது என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இந்த வீட்டை விட்டுவிட்டுத் தன் வீட்டில் வந்து பிள்ளைகளோடு இருக்கும்படி சொன்னார். அதில் அன்பும் இருந்தது.

"நான் வரமாட்டன்," என்றாள் அவள். "நீங்கள் இண்டைக்குக் கட்டிலுக்குக் கீழ பாத்தனீங்கள். உங்கட வீட்டில எனக்கு ஒரு கட்டில் தந்தா, அதுக்குக் கீழயும் பாப்பீங்கள்."

அவர் படியிறங்கினார். கீழ்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்திருந்து, அவர் கடந்த பிறகு மூடிக்கொண்டது.

பேச்சு பள்ளிக்கூடத்துக்கும் வரும் என்று அவளுக்குத் தெரியும். வரும்வரை காத்திருக்கவில்லை. அன்றே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய், தன்னைப் பற்றி இப்படி ஒரு பேச்சு நடக்கிறது, அதில் சோப்பு உண்மை, ஆள் பொய் என்று சொன்னாள். அந்த யூரேசியப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு, எந்தச் சோப்பு என்று கேட்டார். லாவெண்டர் என்றாள். நல்ல தேர்வு என்று சொல்லி அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பேச்சு அங்கே முடிந்தது.

ஆனால் அவள் மனதில் அது முடியவில்லை. ஒளித்துச் செய்ததால்தானே தேடி வந்தார்கள் என்று அவள் யோசித்தாள். அந்த ஞாயிறு காலை தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கி, சிராங்கூன் ரோட்டைக் கடந்து டன்லப் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தாள்.

அஸ்மத் கடையின் பின்கட்டில் மூவரும் இருந்தார்கள். வடிவேலு மேல்சட்டை இல்லாமல், பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் துண்டை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டு எழுந்தான். ரவூப் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அஸ்மத் மட்டும் சுதாரித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தார். அவருடைய குடும்பம் வடக்கேயிருந்து வந்தது. தமிழ் அவருக்கு இந்தத் தெருவில் படிந்தது. அவளை எப்போதும் அண்ணி என்ற பொருளில் பாபி என்றுதான் அழைப்பார்.

வடிவேலுவுக்கு முப்பது வயதுதான். மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றான். "அண்ணன் இருந்தப்ப வீட்டுலேருந்து சொல்லி அனுப்புவீங்க. அது வேற. இங்க ஆம்பளைங்க சட்டையில்லாம உக்கார்றோம் லா."

"அப்ப சட்டையைப் போடுங்கோ," என்றாள் மனோரஞ்சிதம்.

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள்.

வடிவேலு அஸ்மத்தைப் பார்த்தான். அஸ்மத் வேறு பக்கம் பார்த்தார், மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. வடிவேலு போய்ச் சட்டையைப் போட்டு வந்தான். பாதி முகம் அப்படியே இருந்தது.

படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்த சோப்பை அவள் அதுவரை பிரிக்கவில்லை. தனியாகப் பார்க்கிற சோப்பு அல்ல அது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. இப்போது தாளைக் கிழித்தாள். பச்சை நிறக் கட்டி, அதன் மேல் இருந்தது எந்த ஊர் எழுத்து என்று ரவூப்புக்கே தெரியவில்லை. ஆளுக்கொரு கிண்ணத்தில் சுரண்டிப் போட்டுக் குழைத்தார்கள். ஆண்கள் கன்னத்தில் பூசினார்கள், அவள் முன்கையில் பூசினாள். மழைக்குப் பிறகு பாசி படிந்த கல்லிலிருந்து வரும் மணம். அதற்குப் பின்னால் எலுமிச்சந்தோல். கழுவிய பின், எங்கோ தொலைவில் புகையிலை. ரவூப் கண்ணை மூடிக்கொண்டார். இதுவரை பார்த்ததில் இதுதான் முதல் என்று அஸ்மத் சொன்னார். அவர் கடைசியாகக் கொண்டு வந்ததே சிறந்ததாக அமைந்துவிட்டது என்று மனோரஞ்சிதம் நினைத்தாள்.

"வாசம் சரிதான்க்கா," என்றான் வடிவேலு. கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "ஆனா எரியுது. நல்ல சோப்பு இல்ல இது."

அஸ்மத் கண்ணால் ஜாடை காட்டினார். வடிவேலு அதைப் பார்த்தான், ஆனால் நிறுத்தவில்லை. அண்ணன் கொண்டுவந்தது என்பதற்காகப் பொய் சொன்னால் அண்ணனுக்கே பிடிக்காது என்றான்.

"பொய் சொல்லச் சொல்லி ஆர் கேட்டது?" என்றாள் அவள். "எனக்கு எரியேல்ல."

"நீங்க கத்தி வைக்கலியே."

உண்மைதான். அவள் அஸ்மத்திடம் ரேசர் கேட்டாள். அவர் தயங்கினார். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். புது பிளேடு மாட்டிக் கொடுத்தார். மறுபடி நுரை பூசி, முழங்கைக்குக் கீழே ரேசரை வைத்து மணிக்கட்டு வரை இழுத்தாள். முதல் இழுப்பு கோணலாகப் போனது. இரண்டாவது நேராக வந்தது. ரவூப் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், வேறு காரணத்துக்காக. கழுவித் துடைத்து, கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். வழித்த தோலில் மெல்ல மெல்லச் சிவப்புப் பொட்டுகள் எழுந்தன.

"ஓம்," என்றாள். "எரியுது."

பிறகு, விஸ்வலிங்கம் சொல்வது போலவே தீர்ப்புச் சொன்னாள். மணத்துக்கு முதல் இடம், முகத்துக்குக் கடைசி இடம். சொல்லும்போது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்கவில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. வடிவேலு போய் அவளுக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்தான். வந்து, மீதிப் பாதி முகத்தைச் சந்தனத்தால் வழித்து முடித்தான்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அவள் போனாள். மூவரும் சட்டையோடு உட்கார்ந்தார்கள். காலர் நனைகிறதே என்று வடிவேலு முணுமுணுத்ததால், அஸ்மத் காலர் இல்லாமல் மூன்று சட்டை தைத்தார். எல்லாம் இனிமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. தையல்கடைக்கு வரும் சிலர் பின்கட்டில் பெண் குரல் கேட்கிறதே என்று கேட்டார்கள். வாடிக்கையாளர் ஒருவர் ஜாடையாக ஏதோ சொல்லப்போய், பாதி தைத்திருந்த அவருடைய கால்சட்டைத் துணியை அஸ்மத் மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். மனோரஞ்சிதத்துக்கு அது பிறகுதான் தெரிய வந்தது.

மே மாதக் கடைசியில் தேர்தல் வந்தது. எல்லாரும் வோட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம். அவளும் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தாள். அது முடிந்து கொஞ்ச நாளில் தியாகராசா மறுபடி வந்தார். இந்த முறை பகலில், தெருவில் கார் நிறுத்தி, நடுவீட்டில் உட்கார்ந்து பேசினார். தம்பியின் ஆட்டைத் திவசம் வருகிறது, முதல் வருடம், தன் வீட்டில் பெரிதாகச் செய்யப்போகிறேன் என்றார். அவள் வரலாம், பெண்களோடு பின்னறையில் இருக்கலாம். ஒரே ஒரு விஷயம்: தையல்கடைக்குப் போவதை இன்றோடு நிறுத்த வேண்டும், கையில் மயிர் வழித்த கதை உறவுக்குள் போய்விட்டது, தன்னால் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. "அப்ப நான் வரேல்ல," என்றாள்.

"வோட்டுப் போட விட்டாப்போல எல்லாம் செய்யலாம் எண்டு நினைக்கிறியோ? அது என்ட தம்பியின்ட திவசம்."

"என்ட மனிசன்ட திவசம். நீங்கள் உங்கட வீட்டில செய்யுங்கோ. நான் என்ட வீட்டில செய்யிறன்."

பொம்பிளை திவசம் செய்ததை எங்கே கண்டாய் என்று கேட்டார் அவர். காணவில்லை, இனிக் காணலாம் என்றாள். ஐயர் யாரும் வரமாட்டார் என்றார். வரவேண்டாம் என்றாள். இனி இந்த வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். கதவடியில் ஒரு நிமிடம் நின்றார், அவள் கூப்பிடுவாள் என்பது போல. அவள் அவர் குடித்த தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே கோப்பையை இரண்டு தடவை கழுவிக் கவிழ்த்தாள். பன்னிரண்டு வருட உறவு. அதை அறுப்பது அவளுக்கும் இலேசாக இல்லை.

திவசத் திதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்திய வாரம் முற்றத்தில் அவள் விஷயத்தைச் சொன்னாள். அடுத்த ஞாயிறு கடையில் வேண்டாம், என் வீட்டில் வைத்துக்கொள்வோம், அவர் பெட்டியில் இருக்கிற சோப்பெல்லாம் எடுத்து வைக்கிறேன் என்றாள். வீட்டின் முன்னால், தெருவைப் பார்த்த வராந்தாவில்.

வடிவேலு விசிலடிப்பது போல உதட்டைக் குவித்தான், ஆனால் சத்தம் வரவில்லை. ரவூப், மெல்லப் பேசுகிறவர், அவளுக்கு இன்னும் கெட்ட பெயர் வருமே என்று கவலைப்பட்டார். வரவேண்டிய கெட்ட பெயர் எல்லாம் வந்துவிட்டது, இனி வருவதற்கு மிச்சமில்லை என்றாள் அவள். எப்படி வரட்டும், பின்படி வழியாக வரட்டுமா என்று ரவூப் கேட்டார். அதற்கு அஸ்மத் பதில் சொன்னார்.

"முன்னாடி படியில வர்றோம், பாபி. தோள்ல துண்டு போட்டுகிட்டு வர்றோம்."

அப்படியே வந்தார்கள். ஞாயிறு காலை, தெருவில் சந்தைக்குப் போகிற கூட்டம் இருக்கும் நேரத்தில், சலவை செய்த வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக மூவரும் ஓவன் ரோட்டில் நடந்து வந்து, முன்படி ஏறினார்கள். வராந்தாவில் விஸ்வலிங்கத்தின் படத்தை ஒரு நாற்காலியில் வைத்து, குத்துவிளக்கு ஏற்றியிருந்தாள். படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் அவருடைய சோப்புகள். அவளுக்குத் தெரிந்த தேவாரத்தைப் பாடினாள். மூவரும் தலை குனிந்து நின்றார்கள். பிறகு பீங்கான் பேசினில் தண்ணீர் வைத்து, அவரவர் விரும்பிய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வராந்தாக் கைப்பிடியை ஒட்டி உட்கார்ந்து நுரை குழைத்தார்கள். எதிர் வீட்டுச் சீனப் பாட்டி சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். தெருவில் ஓரிருவர் நின்றார்கள். லாவெண்டரும் சந்தனமும் ரோஜாவும் ஒன்றாகக் கலந்து தெருவுக்கு இறங்கின. இடுக்கு வழியாக அல்ல, நேராக.

இதற்கு நடுவில் வராந்தாக் கதவடியில் பூரணம் வந்து நின்றாள். ஐம்பது வயது தாண்டிய மெலிந்த பெண். அவளும் வெள்ளைச் சேலைதான். ஜப்பான்காரன் சண்டைக் காலத்திலேயே கணவனை இழந்தவள். மனோரஞ்சிதம் எழுந்து போனாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். வா என்று சொல்லவில்லை.

பூரணம் தாம்பாளத்தைப் பார்த்தாள். "பாதாம் மணம் ஒண்டு வரும்," என்றாள். "வெள்ளை நிறம். அது இதில இருக்கோ?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவர் அதைத்தான் பூசுறவர். யப்பான்காரன் வரமுதல்."

கட்டிலுக்கு அடியில் குனிந்த தியாகராசாவின் முதுகு மனோரஞ்சிதத்தின் கண் முன்னால் வந்தது. "ஆண்பிள்ளை இருக்கெண்டு சொல்லேக்க, இது சவுக்காரம் மட்டும்தான் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்றாள்.

"தெரியும்," என்றாள் பூரணம். "ஒவ்வொரு நாளும் விடிய அந்த மணம் வந்தால் நான் என்ன செய்ய? பொறுக்கேல்ல. நிப்பாட்ட வேணும்போல இருந்தது."

மன்னிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. மனோரஞ்சிதமும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அப்போது அவளுக்கு அப்படித் தோன்றவும் இல்லை. ஆனால் பாதாம் சோப்பை எடுத்தாள். பிரஷை வெந்நீரில் நனைத்து, நுரை கெட்டியாக வரும்வரை குழைத்து, பூரணத்தின் கையைப் பிடித்துப் புறங்கையில் பூசினாள். பூரணம் கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். மூக்கு நுனியில் நுரை ஒட்டிக்கொண்டது. அவள் அப்படியே கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

அந்த நேரத்தில் தெருவில் தியாகராசாவின் கார் வந்து நின்றது. அவர் வீட்டில் விடியவே தொடங்கிய திவசம் முடிந்து, சாப்பாட்டுக்கு உட்காரும்போது பெரியவர்கள் சிலர், செத்தவன் பெண்சாதி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல முடியாமல் அவளைக் கூட்டிப்போக வந்திருந்தார். காரிலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தார். வராந்தாவில் வரிசையாக மூன்று நுரை முகங்கள். நடுவில் தம்பியின் படம்.

தெருவில் நின்றவர்கள் அவரையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ரவூப் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அஸ்மத் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மனோரஞ்சிதம்," என்று கூப்பிட்டார் தியாகராசா. "இதென்ன கூத்து? ஆர் இவங்கள்?"

அவள் கைப்பிடிக்கு வந்தாள். தெரு முழுதும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் சொன்னாள்.

"அவரின்ட சிநேகிதர், பெரியத்தான். அண்டைக்கு விடிய வந்து தேடினனீங்கள், ஒருத்தரும் இல்லை. இண்டைக்கு மூண்டு பேர் இருக்கினம். வந்து பாருங்கோ. அவருக்கு இலை போட்டிருக்கிறன், உங்களுக்கும் போடுறன்."

அவர் முகம் சுருங்கியது. மேலே வருவாரோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அவர் பார்வை தம்பியின் படத்தில் நின்றது, பிறகு கதவடியில் நுரைக் கையோடு நின்ற பூரணத்தின் மேல் போனது. பூரணம் கையை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வெளியே எடுத்து அப்படியே வைத்துக்கொண்டாள். தியாகராசா காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

கார் போன பிறகு தெருவும் கலைந்தது. அவர்கள் முகம் கழுவி, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூரணத்துக்கும் ஓர் இலை போட்டாள் மனோரஞ்சிதம்.

அதற்குப் பிறகு தியாகராசா வீட்டுக் கல்யாணம் எதற்கும் அவளுக்கு அழைப்பு வரவில்லை. கோவிலில் எதிரே கண்டால் சில பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். சிலர் வழக்கத்தைவிட நெருங்கி வந்து நின்றார்கள். நின்றவர்களில் ஒருத்தி கேட்டாள், அந்த ரோஜா மணம் எந்தச் சோப்பு, தன் மனிசனுக்கும் வாங்கலாமோ என்று. கோவிலில் உறவுக்காரர்கள் ஒதுங்கிப் போன அன்று வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து அழுததும் உண்டு. ஆனால் சோப்புப் பெட்டியை அவள் அலமாரிக்குள் திரும்ப வைக்கவில்லை. சன்னலோரம், தெருவிலிருந்து தெரியும் இடத்தில் இருந்தது அது.

திவசத்துக்கு அடுத்த ஞாயிறு வடிவேலு ஏதோ ஒரு கப்பல்காரனிடம் வாங்கிய மஞ்சள் சோப்பொன்றோடு கடை முற்றத்துக்கு வந்தான். இதைவிட உசத்தி உலகத்தில் இல்லை என்று அவன் சத்தியம் செய்தான். மனோரஞ்சிதம் முன்கையில் பூசி, கழுவி, மோந்து பார்த்துவிட்டு, இது பழஞ்சோற்றுத் தண்ணி என்றாள். வடிவேலு ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் வரை பொறுங்க என்றான். அவள் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு, பொறுக்கிறேன், ஆனால் மத்தியானமும் இதைத்தான் சொல்வேன் என்றாள்.